ஒன்பது புள்ளி

செல்போன் சர்வீஸ் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. போனை வாங்கியதும் பின்பக்கம் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, பெயர், கம்ப்ளெயிண்ட், இன்னொரு தொடர்பு நம்பர் எழுதுவார்கள். அதற்குக் கீழே ஒன்பது புள்ளி வைத்து, வாடிக்கையாளர் விரலால் காட்டுகிற பேட்டர்னைக் கோடாக இழுத்துக்கொள்வார்கள். நம்பர் லாக் என்றால் அந்த நம்பரும் அங்கேயே ஏறும். பிறகு அந்தப் போன் டிரேயில் மற்ற போன்களோடு கிடக்கும். கடைப் பையன், டீ கொண்டுவருகிறவர், ஸ்பேர் இறக்க வருகிறவர், பக்கத்துக் கடைக்காரர் என்று யார் கண்ணில் வேண்டுமானாலும் படும்.

திருச்செங்கோட்டில் நான் இந்தத் தொழிலைத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இவ்வளவு காலத்தில் எங்கள் கைவேலை எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஐசியை எடுத்து ரீபால் செய்து உட்கார வைக்கிறோம். ஆனால் நம் கைக்கு வந்த அடுத்தவர் பொருளில் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது, எதை அடுத்தவருக்கு அனுப்பலாம் என்கிற பக்குவம் அந்த அளவுக்கு வளரவில்லை. கடையிலும் வளரவில்லை, நாங்கள் கூடிப் பேசுகிற குரூப்களிலும் வளரவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றது சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில். அப்போது வந்தவை நோக்கியா 1100, 3310, கொஞ்சம் வசதியானவர்களிடம் 6600. 1100இல் கேமரா கிடையாது. உள்ளே ஐம்பது நம்பர் சேமிக்கலாம், கொஞ்சம் மெசேஜ் இருக்கும், அவ்வளவுதான். ஒருவருடைய ரகசியம் என்று அதில் பெரிதாக எதுவும் இருக்க வழியில்லை. போன் எந்த ஊரில் இருந்து வருகிறது என்பதை மட்டும் திறந்த உடனே சொல்லிவிடலாம். பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை என்றால் விசைத்தறிப் பஞ்சு சார்ஜர் போட்டுக்குள் திணிந்திருக்கும். ஆத்தூர் பக்கம் சேகோ பேக்டரியில் வேலை செய்கிறவர் போனில் ஸ்பீக்கர் சல்லடையை மாவு அடைத்திருக்கும். ரிக் வண்டிக்காரர் போன் என்றால் போர்வெல் சேறு காய்ந்து பட்டன் இறங்காது. இது இன்றைக்கும் மாறவில்லை. உள்ளே இருப்பதுதான் மாறிவிட்டது.

மெமரி கார்டு வந்த பிறகு நிலைமை வேறாயிற்று. ஜியோ 2016 செப்டம்பரில் வருகிறவரை நெட் விலை அதிகம். ஜனங்கள் கடைக்கு வந்து கார்டைக் கொடுத்துப் பாட்டும் படமும் ஏற்றிக்கொண்டு போவார்கள். கார்டைச் சொருகியதும் அதில் இருப்பதெல்லாம் கடைக் கம்ப்யூட்டரில் விரியும். அதில் வீட்டுக் கல்யாணப் படமும் இருக்கும், இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டிய படமும் இருக்கும். சில கடைகளில் அவற்றைத் தனி போல்டரில் இழுத்துப் போட்டு வைத்தார்கள். அடுத்து வருகிறவன் தெரிந்தவனாக இருந்தால் அவன் கார்டில் ஏறியது. வாட்ஸ்அப் இல்லாத காலத்திலேயே ஒரு ஊர்ப் பெண்ணின் வீடியோ அடுத்த ஊருக்குப் போனது இப்படித்தான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அந்த வருமானமே வேண்டாம் என்று கார்டு ஏற்றுகிற வேலையை எடுக்கவில்லை. “நமக்கு வந்தது போர்டு கம்ப்ளெயிண்ட் கண்ணு. போர்டை மட்டும் பாரு” என்பார். இன்றுவரை என் பெஞ்சில் அந்த முறைதான் நடக்கிறது.

வாடிக்கையாளர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் செய்கிற வேலையில் பெரும்பாலானவற்றுக்கு உங்கள் லாக் தேவையே இல்லை. டிஸ்ப்ளே மாற்றினால் வெளிச்சமும் டச்சும் லாக் திரையிலேயே தெரிந்துவிடும். பேட்டரி, சார்ஜர் போட்டு, பவர் பட்டன் எதற்கும் உள்ளே போக வேண்டியதில்லை. கேமரா, மைக், ஸ்பீக்கர் வேலைக்குத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். அதையும் உரிமையாளர் வந்து வாங்கும்போது அவர் கையாலேயே லாக் எடுக்கச் சொல்லிச் சோதிக்கலாம். கேமராவைத் திறந்தால் கடைசியாக எடுத்த படம் மூலையில் சின்னதாகத் தெரியும். அதைத் தொட்டால் கேலரி திறந்துவிடும். அங்கே தொடாமல் இருப்பதும் எங்கள் வேலையில் சேர்ந்ததுதான்.

பார்க்காமல் இருக்க நினைத்தாலும் கண்ணில் படுபவை உண்டு. செத்த போனுக்கு உயிர் வந்ததும் நிறுத்திவைத்த மெசேஜ் எல்லாம் மொத்தமாக வந்து விழும். லோன் ஆப்காரன் மிரட்டுவது, ஆஸ்பத்திரி ரிப்போர்ட், பேங்க் ஓடிபி, யாரோ யாரிடமோ மன்னிப்புக் கேட்பது என்று எல்லாம் திரையில் ஓடும். லாரி டிரைவர் போன் என்றால் வீட்டிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும். எடுக்க மாட்டோம். எடுத்து “கடையில் இருக்குதுங்க” என்றால், எந்தக் கடை, எந்த ஊர், அவர் எங்கே என்று கேள்வி தொடரும். அவர் வீட்டில் என்ன சொல்லியிருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. போனைக் கவிழ்த்து வைப்பதுதான் சரி.

இந்தத் தொழிலில் கடினமான வேலை போர்டு வேலை என்று நினைப்பார்கள். எனக்குக் கடினம், ஒருவர் போனை இன்னொருவர் கொண்டுவந்து லாக் எடுக்கச் சொல்வது. மனைவி போனைக் கணவன் கொண்டுவருவான், தம்பி அக்கா போனைக் கொண்டுவருவான். எங்கள் ஊரைச் சுற்றி இன்ஜினியரிங் காலேஜும் ஹாஸ்டலும் நிறைய. ஒரு நாள் ஐம்பது வயதிருக்கும், வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் புது மாதிரி போன் ஒன்றைப் பெஞ்சில் வைத்தார். மகளுடையது. லாக் எடுக்க வேண்டும், உள்ளே இருப்பது போகக் கூடாது என்றார்.

“பாப்பாவக் கூட்டியாங்கண்ணா. அது கையால எடுத்துக் குடுக்கட்டும்” என்றேன்.

“நான் வாங்கிக் குடுத்த போனுங்க இது. மாசாமாசம் ரீசார்ஜ் பண்றதும் நாந்தான். எம்பட போனு மாதிரித்தானுங்க.”

புதிய ஆண்ட்ராய்டு போன்களில் தகவல் முழுவதும் உள்ளேயே என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கும். லாக்கை உடைக்க ரீசெட் போட்டால் எல்லாம் அழிந்துவிடும். இதைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அதை மட்டும் சொன்னால் அவர் அழியாமல் எடுத்துத் தருகிறேன் என்று சொல்கிற கடையைத் தேடிக்கொண்டு சேலமோ ஈரோடோ போவார். அதனால் இரண்டையும் சொன்னேன். தகவல் போய்விடும், அதோடு அந்தப் பெண் இல்லாமல் நான் தொடவும் மாட்டேன் என்றேன். அவர் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். மகள் பத்து நாளாகச் சாப்பிடுவதில்லை, யாரோ மிரட்டுகிறானோ என்று பயமாக இருக்கிறது என்றார். அவருக்கு இருந்தது சந்தேகம் இல்லை, பயம். 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணையும், சைபர் கிரைம் புகார் இணையதளத்தில் பெண்களுக்கென்று தனிப் பகுதி இருப்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, பாப்பாவிடம் திட்டாமல் கேளுங்கள் என்று அனுப்பினேன். போனை அப்படியே கொண்டுபோனார். பிறகு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. அது என் வேலை இல்லை.

அப்படி மிரட்டப்படுகிற பெண்ணுக்கு நேரத்துக்கு உதவி கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். 2016 ஜூனில், சேலம் மாவட்டத்தில் தறி ஓடுகிற ஊர் ஒன்றில், பட்டம் முடித்த ஒரு பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி பேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் போலீசுக்குப் போயிற்று. படம் போட்டவனைப் பிடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் உயிர் போய்விட்டது. மாவட்டப் போலீஸ் கண்காணிப்பாளரே தாமதத்துக்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். படத்தைத் தயாரித்தவன் ஒருவன். அதைப் பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் காட்டியவர்களை யாரும் கணக்கெடுக்கவில்லை.

எங்கள் டெக்னீஷியன் குரூப்புக்கு வருகிறேன். சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்துக் கடைக்காரர்களும் அதில் இருக்கிறோம். நானும் அட்மின்களில் ஒருவன். வாட்ஸ்அப் குரூப்பில் 100 பேர் மட்டும் சேர முடிந்த காலத்தில் தொடங்கியது. 2016இல் 256 ஆயிற்று, 2022இல் 512, அதே வருஷம் 1024. இடம் கூடக் கூட ஆள் கூடினார்கள், சத்தமும் கூடியது. ஆனாலும் இந்தக் குரூப் இல்லாவிட்டால் ராசிபுரத்திலோ சங்ககிரியிலோ தனியாகக் கடை வைத்திருக்கிற ஒருவர் இன்றைய போன்களைத் தொட முடியாது. கம்பெனி சர்க்யூட் படம் தருவதில்லை. ஒருவர் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததை மற்றவருக்குச் சொல்லித்தான் இந்தத் தொழில் நிற்கிறது.

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். “டெட் போன், சொல்யூஷன் பிளீஸ்” என்று போட்டால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அதையே ஒருவர், “பவர் சப்ளையில் 4 வோல்ட் கொடுத்தேன், பட்டன் அழுத்துவதற்கு முன்பே கரண்ட் இழுக்கிறது” என்று எழுதினால், பேட்டரி லைனில் ஷார்ட் என்று உடனே தெரிந்துவிடும். போர்டில் ரோசின் புகை பிடித்து, அந்த லைனில் ஒரு வோல்ட் கொடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். போர்டு முழுக்க வெள்ளையாகப் படிந்திருக்கிற ரோசின், சூடாகிற அந்த ஒரு கெப்பாசிட்டர் மேல் மட்டும் உருகித் தெளியும். எடுத்துவிட்டால் போன் ஆன் ஆகும். அவர் திரும்ப வந்து “ஓகே ஆயிடுச்சுங்க, இந்த கெப்பாசிட்டர்தான்” என்று படத்தோடு போடுவார். அடுத்த வருஷம் அதே கம்ப்ளெயிண்ட் வருகிற இன்னொருவருக்கு அது உதவும். இப்படி எழுதுகிறவர்களில் இருபது வயதுப் பையன்களும் உண்டு. ரேடியோ, டிவி காலத்திலிருந்து வருகிற பெரியவர்களில் சிலர், தான் சொன்னதை ஒருவர் மறுத்தால் வாய்ஸ் மெசேஜில் கத்துவதும் உண்டு. வயதை வைத்துப் பக்குவத்தை அளக்கக் கூடாது என்பதை நான் இங்கேதான் பார்த்தேன்.

சில வருஷத்துக்கு முன்பு இந்தக் குரூப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஓர் இளைஞர் டிஸ்ப்ளேயில் விழுகிற கோட்டைப் படமெடுத்து, “இது காம்போ கம்ப்ளெயிண்டா, போர்டா?” என்று போட்டார். காம்போ என்றால் டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த பாகம். நியாயமான கேள்வி. படத்தில் கோட்டுக்குப் பின்னால் வால்பேப்பர் தெரிந்தது. ஒரு பெண், மடியில் குழந்தை. குரூப்பில் இருந்த ஒருவருக்கு அந்தப் பெண் தூரத்து உறவு. அந்தப் பெண்ணிடம் போன் இருப்பதே புகுந்த வீட்டுக்குத் தெரியாது. தாய்வீட்டோடு பேசுவதற்காக ஒளித்து வைத்திருந்த போன். விளையாட்டாக ஒருவர் இன்னொருவருக்கு அனுப்ப, பொழுது சாய்வதற்குள் சேதி அந்த வீட்டுக்குப் போய்விட்டது.

போனை வாங்க அந்தப் பெண் அந்த இளைஞரின் கடைக்கு வரவில்லை. அவளுடைய தம்பி வந்தான். “ஏனுங்கண்ணா, ரிப்பேருக்குக் குடுத்தா அதைப் பத்துப் பேருக்குக் காட்டித்தான் சரி பண்ணுவீங்களா?” என்று கேட்டுவிட்டுப் பணத்தை வைத்துவிட்டுப் போனான். அந்த இளைஞர் அதை அப்படியே குரூப்பில் எழுதினார். அவரிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதனால்தான் எனக்கு இந்தச் சம்பவம் முக்கியம். கெட்டவனைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. யோசிக்காதவனைத் தடுக்க அவனோடு பேசுகிறவர்கள்தான் இருக்கிறார்கள்.

அன்று இரவு முழுக்க விவாதம் நடந்தது. படத்தை எல்லாருக்கும் அழித்தாயிற்றே, பிறகென்ன என்றார் ஒருவர். அதற்குள் படம் தானாக டவுன்லோடு ஆகிச் சிலர் கேலரியில் போய் உட்கார்ந்திருக்கலாம், இரவு பேக்கப்பில் கூகுள் டிரைவுக்கும் ஏறியிருக்கலாம். தினமும் போன் திறக்கிற எங்களுக்கே இது நினைவில் இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? இன்னொருவர், வாட்ஸ்அப்பில் 2016இலேயே முனைக்கு முனை என்கிரிப்ஷன் வந்துவிட்டது, யாரும் பார்க்க முடியாது என்றார். உண்மைதான். வழியில் யாரும் படிக்க முடியாது. ஆனால் நூற்றுக்கணக்கான பேர் இருக்கிற குரூப்பில் போட்டதை வழியில் நின்று படிக்க வேண்டிய தேவையே இல்லை. டெலிகிராமுக்கு மாறலாம் என்றார்கள், மறைந்துபோகிற மெசேஜ் போடலாம் என்றார்கள். கருவியை மாற்றினால் பழக்கம் மாறிவிடும் என்கிற நம்பிக்கை எங்கள் தொழிலில் அதிகம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டது எளிய ஒரு காரியம். டிஸ்ப்ளே படம் போட வேண்டுமென்றால் டெஸ்ட் திரையைத்தான் படமெடுக்க வேண்டும். சாம்சங்கில் *#0*# அடித்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று வெறும் நிறம் வரும். கோடு அதில் இன்னும் தெளிவாகத் தெரியும். டயல் செய்ய முடியாத போன் என்றால் வால்பேப்பரை மறைத்துவிட்டுப் போட வேண்டும். ஐஎம்இஐ நம்பர், பெயர், பில் எதுவும் படத்தில் வரக் கூடாது. ஐஎம்இஐ மாற்றுவது பற்றிக் கேட்டால் அன்றே வெளியேற்றம். அது 2017 விதிகளிலிருந்தே குற்றம். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் வரை அபராதமும் உண்டு. இந்த விதிகளால் சிலர் விலகினார்கள். போகட்டும் என்று விட்டோம்.

சாதி, கட்சி, மதம் பற்றிய வீடியோவும் ஆடியோவும் கூடாது என்ற விதி அதற்கு முன்பே இருந்தது. அதற்குக் காரணம் எங்கள் ஊரில் நடந்தவை. பெருமாள்முருகன் எழுதிய ‘மாதொருபாகன்’ 2010இல் வந்த நாவல். 2014 டிசம்பரில் அதன் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊருக்குள் விநியோகித்தார்கள். கடைக்கு வந்தவர்கள் அந்தப் பக்கங்களைப் போனிலும் படமெடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார்கள். முழுப் புத்தகத்தைப் படித்த ஒருவரைக்கூட அந்த நாட்களில் நான் சந்திக்கவில்லை. 2015 ஜனவரியில் நாவலை எதிர்த்துக் கடையடைப்பு நடந்தது. நாமக்கல் கலெக்டர் ஆபீசில் பேச்சுவார்த்தை நடந்து, அதன்பின் இனி எழுதுவதில்லை என்று பெருமாள்முருகன் பேஸ்புக்கில் அறிவித்தார். சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மறுபடி எழுத வந்தார். அதே 2015இல் எங்கள் ஊர் மலைக்கோயிலிலிருந்து ஓர் இளைஞரைக் கடத்திக் கொன்ற வழக்கில், தேடப்பட்டவர் தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் ஆடியோ அனுப்பினார். அது போன் போனாகப் போயிற்று. அந்த வழக்கில் கோயில் சிசிடிவி காட்சி முக்கியச் சாட்சியமாக நின்றது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கேமராவும் போனும்தான் இரண்டு பக்கத்திலும் இருந்தன. எது யார் கையில் எதற்குப் பயன்பட்டது என்பதை ஊரே பார்த்தது.

2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வந்த ஃபார்வர்டை நம்பி, போளூர் பக்கம் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். நாடு முழுக்க இப்படிப் பல இடங்களில் நடந்த பிறகுதான் வாட்ஸ்அப் அந்த ஜூலையில் இந்தியாவில் ஃபார்வர்டை ஐந்து பேருக்கு என்று குறைத்தது. அந்தக் கட்டுப்பாட்டை நான் வரவேற்கிறேன். கை ஒரு நொடி நிற்கும். ஆனால் ஐந்து பேருக்கு அனுப்புவதா, ஒருவருக்கும் அனுப்பாமல் இருப்பதா என்பதைக் கம்பெனி தீர்மானிக்க முடியாது.

குரூப் அட்மின்கள் பயப்படுகிறார்கள், யாரோ போட்டதற்கு நம்மைப் பிடிப்பார்களோ என்று. 2021 டிசம்பரில் கரூர் வழக்கறிஞர்கள் குரூப் ஒன்றைப் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு இல்லை என்றால் அவர் பெயரை வழக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. சட்டம் விட்டுவிடுகிறது என்பதற்காக அட்மின் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம் என்று நான் நினைக்கவில்லை. தவறான படம் வந்தால் நீக்குவதும், போட்டவரைத் தனியாக அழைத்துப் பேசுவதும், கேட்காவிட்டால் வெளியே அனுப்புவதும் அவர் கடமை. எல்லார் முன்னாலும் திட்டினால் அவர் வீம்புக்கு இன்னொன்று போடுவார். தனியாகப் பேசினால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லேப்டாப்களில் சின்னப் பழுதை உண்டாக்கி, உள்ளே நடப்பதைப் பதிவு செய்கிற ஏற்பாட்டோடு சர்வீஸ் கடைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு இடங்களில் சொந்தப் படங்களையும் கோப்புகளையும் திறந்து பார்த்திருந்தார்கள். இரண்டு இடங்களில் நகலே எடுத்திருந்தார்கள். பெண்களுடையது போல் தயாரித்தவற்றைத்தான் அதிகம் துழாவியிருந்தார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தத் தீர்ப்பும் சட்டமும் பஸ் ஸ்டாண்டு சர்வீஸ் கடைப் பெஞ்சு வரை வந்து சேர வேண்டுமென்றால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர் அதைத் தன் தொழில் முறையாக எடுத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற பையனுக்கு ஹாட் கன் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் முன் இதைச் சொல்லிக்கொடுங்கள் என்று கடைக்கார நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஸ்டிக்கர் வழக்கத்தையும் இன்றே நிறுத்துங்கள்.

வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. சர்வீசுக்குக் கொடுக்கும் முன் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். போன் ஆன் ஆகிற நிலையில் இருந்தால், சாம்சங்கில் 2022 முதல் மெயின்டெனன்ஸ் மோடு என்று ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸில் பேட்டரி, டிவைஸ் கேர் பகுதிக்குள் இருக்கும். அதைப் போட்டுக் கொடுத்தால் டெக்னீஷியன் எல்லாவற்றையும் சோதிக்கலாம், உங்கள் படமோ மெசேஜோ அவர் கண்ணுக்கு வராது. கூகுள் பிக்சலிலும் 2023 கடைசியில் ரிப்பேர் மோடு வந்துவிட்டது. அந்த வசதி இல்லாத போன் என்றால் வேலை முடிந்ததும் நேரில் வந்து நீங்களே லாக் எடுத்துக் காட்டுங்கள். பேட்டர்னை எழுதிக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் எந்தச் சோதனைக்கு என்று கேளுங்கள். காரணத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் போனைக் கொடுங்கள்.